தட்டிய பிறகும்

கடையில் வாங்கிய பேன்ட்டை வெட்டிச் சுருக்கித் தரும் ஆல்டரேஷன் கடையில் அவள் தையல்காரி. ஜியு-ஜிட்சு என்னும் மல்யுத்தம் கற்றுத்தரும் பயிற்சிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் அட்டை. எதிராளியின் முதுகில் ஏறிவிட்டால் இறங்கமாட்டாள் என்பதால் வந்த பெயர். வேகம் கிடையாது, தந்திரம் கிடையாது, பிடித்தால் பிடித்ததுதான்.

வேகமெல்லாம் தங்கைக்கு. அவளுக்கு செல்போன் கடையில் வேலை. இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். ஜப்பானிலிருந்து கப்பலேறிப் போன ஜூடோ வீரர் பிரேசிலில் கற்றுக்கொடுத்ததை, நோஞ்சானும் தரையில் கிடந்தபடியே பலசாலியை மடக்கும்படி அங்குள்ளவர்கள் மாற்றிக்கொண்ட கதையைப் பயிற்சியாளர் முதல் வகுப்பில் சொன்னார். கூடவே ஒரு விதியும் சொன்னார்.

"வலி தாங்கலைன்னா கையால தட்டு. எதிராளி தட்டினா உடனே விட்டுடு. அதனாலதான் எல்லாரும் முழுசா வீடு போய்ச் சேர்றோம்."

அந்த வருஷம் நகரப் போட்டியின் இறுதிச்சுற்றில் அக்காவும் தங்கையுமே எதிரெதிரே வந்து நின்றார்கள். ஒரே கூடத்துக்காரர்கள் இறுதியில் சந்தித்தால் மோதாமல் ஒருவர் விட்டுக்கொடுப்பதுண்டு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. உடை மாற்றும் அறையில் அட்டைதான் பேச்செடுத்தாள்.

"எனக்கு வயசாயிடுச்சுடி. முட்டியும் போச்சு. இந்தத் தடவை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோக்கா" என்றாள் தங்கை, பெல்ட்டை முடிந்துகொண்டே. "சும்மா கொஞ்சம் உருண்டுட்டு விட்டுடறேன். பாக்கறவங்களுக்கும் நல்லா இருக்கும்."

கை குலுக்கினார்கள். தங்கை தரையில் உட்கார்ந்து இழுத்தாள், அட்டை சிரித்துக்கொண்டே மேலே விழுந்தாள். அடுத்து நடந்தது அவளுக்குப் புரியவே இல்லை. வலக்கை தங்கையின் தொடைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது, முழங்கை இடுப்பெலும்பின் மேல் பின்பக்கமாக வளைந்தது. இடக்கையால் தங்கையின் காலில் தட்டினாள். நடுவர் மறுபக்கம் நின்றார். மறுபடி தட்டினாள். தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு இடுப்பைத் தூக்கினாள்.

சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

வாசலோரம் நின்ற பயிற்சியாளர் தட்டியதைப் பார்த்திருந்தார். ஆனால் தங்கமும் வெள்ளியும் கூடத்துக்கே வந்த நாள் அது. "விளையாட்டுன்னா அடிபடத்தானே செய்யும்" என்றார்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தவளுக்குத் தலை வாரிவிடும் வேலையை அம்மா தங்கையிடமே கொடுத்தாள். சீப்பு சிக்கில் மாட்டிய ஒரு சாயங்காலம் அட்டை கேட்டாள்.

"நான் தட்டினது தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டி?"

"நீ கேட்டா நான் குடுத்துடுவேன்னு எவ்வளவு சாதாரணமா கேட்டே. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்." சிக்கை இழுத்தாள். "தலையை ஆட்டாதே."

முழங்கை பிறகு முழுசாக நீளவே இல்லை. தடித்த ஜீன்ஸை மெஷினில் தள்ள முடியாமல் தையல் கோணிக்கொண்டு போயிற்று. கடைக்காரர் அவளைத் துணி வாங்கி வைக்கும் பக்கம் மாற்றினார், சம்பளத்தையும் அதற்கேற்ப மாற்றினார். தங்கை கூடத்தில் பெண்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினாள். "விளையாட்டுல நடந்ததைப் போய் மனசுல வெச்சுக்கலாமா?" என்று அம்மா பெரியவளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த போட்டிக்கு அம்மாதான் அட்டையைக் கூட்டிப்போனாள், நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாதென்று. அரையிறுதியில் வேறு கூடத்துப் பெண் ஒருத்தி தங்கையின் கணுக்காலைப் பிடித்துத் திருகினாள். தங்கையின் முகம் வெளுத்தது. தட்டினாள். அந்தப் பெண் சட்டென்று விட்டுவிட்டு, எழுந்திருக்கக் கை வேறு கொடுத்தாள்.

அட்டை தன்னை அறியாமல் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தாள்.

"ஏன் விட்டா?" என்றாள். "இன்னும் கொஞ்சம் பிடிச்சிருக்கலாமே."

அம்மா திரும்பிப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அட்டை கூப்பிடவில்லை. வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. கீழே தங்கை நொண்டிக்கொண்டு போவதை வாசல் வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். அந்த மாதமே கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். இப்போதும் தங்கைக்குப் போட்டி என்றால் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருகிறாள்.