ஞானம் அண்ணை பிசகிய அடி

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டுட்கார்ட்டில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எங்கள் பழைய இசைக்குழுவின் டிரம்ஸ்காரர். மியூனிக் மருத்துவமனையில் ஞானம் அண்ணை இறந்துவிட்டார் என்றார். "பாவம், அந்த வானொலி நாளுக்குப் பிறகு அவருக்கு எதுவும் சரியாக அமையவில்லை" என்றும் சொன்னார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த ஆமாமுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பு ஹோட்டல்களில் பேஸ் என்ற கனத்த தந்தி வாத்தியத்தை வாசித்துவிட்டு ஜெர்மனிக்குக் கப்பலேறி வந்தவர் அண்ணை. அறுபதுகளின் கடைசியில், டிரினிடாட் தீவுக்காரரான ஒரு டிரம்பெட் கலைஞர் ஜாஸையும் தம் தீவுத் தாளங்களையும் கலந்து இங்கே ஒரு குழு நடத்தினார். அண்ணை அதில் பேஸ். பொறியியல் படிக்கச் சென்னையிலிருந்து வந்து படிப்பைக் கோட்டைவிட்ட நான் காங்கா மேளம். சுவரொட்டியில் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். "பேஸ் நிண்ட பிறகுதான் பேஸ் இருந்தது சனத்துக்குத் தெரியும்" என்று அண்ணை சிரிப்பார்.

எங்களுக்குள் ஒத்துப்போனது என்று பொய் சொல்ல மாட்டேன். "தம்பி, உம்மடை கை கனக்கக் கதைக்குது. மற்றவையையும் கொஞ்சம் கேளுமன்" என்பார், ஒத்திகைக்கு நடுவில். தமிழில் சொன்னதால் வேறு யாருக்கும் புரியாது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் வானொலியில் நேரடி ஒலிபரப்பு, ஒரு ஞாயிறு முற்பகல். முந்தைய வாரம் தலைவர் எனக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தார்: இன்னொரு முறை பிசகினால் வேறு ஆள். அவருடைய வேலைக் கடிதம் இல்லாவிட்டால் எனக்கு விசா நீட்டிப்பும் கிடையாது. ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபோது உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாவது உருப்படியில் எல்லோரும் நிறுத்துவோம். டிரம்பெட் தனியே போகும். பிறகு முதலில் நானும் பேஸும் ஒன்றாகச் சேர வேண்டும், அப்புறம் மற்றவர்கள். நான் தாளத்தில் ஒரு அடி முன்னதாகவே தொடங்கிவிட்டேன். தீவுத் தாளத்தில் அது சின்னத் தவறு அல்ல, பாட்டே தலைகீழாகிவிடும். எங்களுக்கு முதுகு காட்டி நின்ற தலைவரின் தோள் விறைப்பதைப் பார்த்தேன். அண்ணை ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேஸை அழுத்தமாக என் தப்பான அடியிலேயே இறக்கினார். டிரம்ஸும் பியானோவும் அவரை நம்பி வந்துவிட்டன. தனியாக நின்ற தலைவர் வேறு வழியில்லாமல் எங்களோடு சேர்ந்தார்.

விளக்கு அணைந்ததும் தலைவர், "யார்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான். எண்ணிக்கை தவறிவிட்டது" என்று ஜெர்மனில் சொன்னார் அண்ணை. மறுநாள் ஒத்திகையில் வேறு பேஸ்காரர் நின்றார்.

மியூனிக்குக்குப் புறப்பட்டுவிட்ட அண்ணையைத் தேடி ரயில் நிலையம்வரை ஓடிப்போய், ஏன் அண்ணை என்று கேட்டேன்.

"உம்மடை விசா விண்ணப்பம், அந்த ஆன்ட்ராக், இன்னும் முடியேல்லை. எனக்கு இங்கை இருக்கப் பேப்பர் இருக்கு, சமாளிக்க ஏலும். நீர் போய்க் கையைப் பழக்கும்."

அவரால் சமாளிக்க முடியவில்லை. எந்தக் குழு அவரை விசாரித்தாலும், "முக்கியமான நேரத்தில் விட்டுவிடுவார்" என்றார் தலைவர். மியூனிக்கில் ஹோட்டல் சாப்பாட்டு அறைகளில் வாசித்தே அண்ணையின் வருடங்கள் போயின. எனக்கு விசா வந்தது. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அடக்கத்துக்குத் தலைவரும் வந்திருந்தார். "நல்ல கலைஞர். என்னை ஒரே ஒரு முறைதான் கைவிட்டார்" என்றார் சவப்பெட்டியின் முன்னால். நான் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் சும்மா நின்றேன். வெட்கக்கேடு.

இன்று காலை தலைவருக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அண்ணையை அறிந்த உங்களுக்கும் சொல்கிறேன்: அன்று பிசகியது என் கை. அந்தக் கதையை இனி என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். அவர் நினைவாக என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. இத்தனை வருடம் அவர் சுமந்த என் பிழையைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.