தண்ணீர் லாரிக்கு ஒரு சல்யூட்

முப்பது வருட பி.டி. டீச்சர் சர்வீஸில் நான் தண்ணீர் லாரிக்கு மரியாதை செய்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் மாநில விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில், மந்திரி கண் முன்னால், ஒரு மாவட்டமே சேர்ந்து செய்தது. இப்போது வேலைக்கு வரும் பி.டி. ஆசிரியர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் பிறகு சிரித்தேன்.

1. தனி மாவட்டம்

தொண்ணூற்றைந்தில் பெரம்பலூர், திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூரும் அப்போது எங்களோடுதான். ஏதோ நாடே விடுதலை வாங்கியது போல ஊரெல்லாம் வெடி. மாவட்டம் வந்துவிட்டது, மைதானம்தான் வரவில்லை. எங்கள் பள்ளி மைதானத்திலும் புது ஆபீஸ் கட்டுவதற்கு ஜல்லி கொட்டிவிட்டார்கள்.

மாநிலப் போட்டிக்கு முதல்முறையாகத் தனி அணி. அதற்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி வந்தார். விளையாட்டில் அவருக்கு இருந்த அனுபவம் முழுவதும் பரிசு கொடுத்துச் சேர்த்தது. ஓடுவது, தாண்டுவதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம்.

"டீச்சர், நாம மொத மொதலா போறோம். மெடல் இன்னைக்கு வரும் நாளைக்குப் போவும். மார்ச் பாஸ்ட்ல நடக்கற நடைதான் நிக்கும்" என்றார்.

பயிற்சிக்கு வாலிகண்டபுரம் சிவன் கோயிலின் வெளி வீதியைப் பிடித்தார். ஸ்டேடியத்தில் அணிவகுப்பு இடப்பக்கமாகவே வளைந்து வரும். மேடை வலப்பக்கம் இருக்கும். அதனால் கட்டளை 'ஐஸ் ரைட்', கண்கள் வலப்பக்கம். கோயிலை அந்தத் திசையில் சுற்றினால் அப்பிரதட்சிணமாகிவிடும். இதைச் சொல்லிப் பார்த்தேன்.

"சாமிய எடமாச் சுத்திட்டுப் போனா மாவட்டம் வெளங்குமா டீச்சர்?"

மாவட்டம் விளங்க வேண்டும் என்பதற்காகப் பிரதட்சிணமாகவே சுற்றினோம். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்த வேப்பமர நிழல் எங்களுக்கு இடப்பக்கம். ஆகவே 'ஐஸ் லெஃப்ட்' ஆயிற்று. ஓட்டப் பயிற்சியும் அதே வீதியில், அதே திசையில்தான்.

2. செல்வராணி

எறையூர்ப் பெண். பத்தாவது படித்தாள். அப்பா கரும்பு வெட்டுகிறவர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். திருச்சியோடு இருந்தபோது அவளை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது விளையாட்டு விடுதியில் புது மாவட்டத்துக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மாநிலப் போட்டியில் பந்தயத்தை ஓடி முடித்தால் போதும், அந்த இடம் அவளுக்குத்தான். ஜெயிக்கக்கூட வேண்டாம்.

அவள் அப்பா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஆஸ்டல்ல எடம் கெடச்சா படிக்கட்டுங்க டீச்சர். இல்லன்னா தை மாசம் எங்க அக்கா மவனுக்கு முடிச்சிருவேன்."

3. விழா

போகும் வழியெல்லாம் பஸ்ஸில் 'ஐஸ் ரைட், ஐஸ் ரைட்' என்று கத்திக்கொண்டே வந்தேன். பிள்ளைகளுக்குக் காது கேட்டது, கழுத்து கேட்கவில்லை.

மேடையில் மந்திரி கையை உயர்த்தி நின்றார். எங்கள் கேப்டன் பையன் பழக்க தோஷத்தில் "ஐஸ் லெஃப்ட்!" என்று அலறினான். இடப்பக்கம், மைதானத்துக்குள், தண்ணீர் தெளிக்க வந்த லாரி நின்றது. மொத்த அணியும் ஒரே வெட்டாக அதைப் பார்த்துத் திரும்பியது. நடை மட்டும் பிரமாதம். லாரிக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்று பதில் சல்யூட் அடித்தார். அன்று எங்களை முறையாக வரவேற்றவர் அவர் ஒருவர்தான்.

அதிகாரியின் முகம் சுண்டிவிட்டது. "மானம் போச்சு. எல்லாத்தையும் பஸ்ஸுல ஏத்துங்க, ஊருக்குப் போவம்."

"மத்தியானம் செல்வராணிக்கு ரேஸ் இருக்குங்க சார். ஓடுனாத்தான் ஆஸ்டல் சீட்டு."

"ஓடி என்னத்தக் கிழிக்கப் போறா? ஒங்க புள்ளைங்களுக்கு நடக்கவே தெரியல!"

அவரோடு மல்லுக்கு நிற்காமல் நேரே பஸ் டிரைவர் காதர் பாயிடம் போனேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர், மூன்று பெண்களுக்கு அத்தா. விஷயத்தைச் சொன்னேன். சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

அதிகாரி வந்து ஏறினார். "எடுங்க பாய்."

"சாவியக் காணலீங்க சார். இன்ஷா அல்லா, சாயங்காலத்துக்குள்ள கெடச்சிரும்."

பாய் தேடிய அழகைப் பார்த்து அதிகாரியும் மனமிரங்கி சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார். அந்த அணிக்காக அவர் உடம்பை வளைத்தது அப்போதுதான்.

செல்வராணி ஓடினாள். மாதக்கணக்கில் வலப்பக்கம் வளைந்து பழகிய உடம்பு, இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் வெளியே தள்ளிக்கொண்டு போயிற்று. மற்றவர்களைவிடக் கூடுதல் தூரம் ஓடியிருப்பாள். மூன்றாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "தை மாசம்டீ!" என்று கத்தினேன். பயிற்சிப் புத்தகம் எதிலும் இல்லாத கட்டளை. அவள் மறுபடி ஓடினாள்.

கடைசியாகத்தான் வந்தாள். கோட்டைத் தாண்டி என் மேல் விழுந்து, "முடிச்சிட்டேன்ல டீச்சர்?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

விடுதியில் இடம் கிடைத்தது. புது மாவட்டத்தின் முதல் சாதனை என்று பாராட்டு விழா வைத்து, அதிகாரியே சால்வையும் போர்த்திக்கொண்டார்.

பிறகு அரியலூர் எங்களைவிட்டுப் பிரிந்தது, சேர்ந்தது, இரண்டாயிரத்து ஏழில் மறுபடி பிரிந்தது. அந்த ஊர் பி.டி. சார் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், தனி டீமா மொத மொதலா போறோம். டிரஸ்ஸு என்ன கலர்ல எடுக்கலாம்?"

"எந்தக் கலர்ல வேணா எடுங்க சார்" என்றேன். "கடைசிப் புள்ள ஓடி முடிக்கிற வரைக்கும் பஸ் சாவிய மட்டும் யார்கிட்டயும் குடுத்துராதீங்க."