தண்ணீர் படாத வாஷிங் மெஷின்

பழைய வாஷிங் மெஷினைப் பார்த்து யாராவது "என்ன அழகு" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் கோவளம் பக்கம் ஒரு ஓட்டலில் எங்கள் ஆபீஸ் விருந்து. வரவேற்பறையில் தேக்கு மேடை போட்டு, மேலே விளக்கு வைத்து, ஒரு பழைய மெஷினை நிறுத்தியிருந்தார்கள். கூட வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அது எங்கள் வீட்டு மெஷின் இல்லை. இருந்தாலும் ஓர் உதை விட்டிருக்கலாம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் தோன்றியது.

எங்கள் சித்தப்பாவுக்கு இதுதான் தொழில். அப்பாவின் தம்பி அவர். திங்கள்நகரில் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டிருந்தார். அதை யாராவது ஆக்கர் கடை என்று சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். பழைய இரும்பை எடைக்கு வாங்குகிறவன் வேறு, நான் வேறு என்பார். அவர் வாங்கியது பழைய வெளிநாட்டு வாஷிங் மெஷின்களை மட்டும். கல்ஃபுக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் ஊருக்கு அனுப்பியவை. மேலே துணி பிழிய ரப்பர் உருளை வைத்தது, கண்ணாடிக் கதவு போட்டது, உள்ளே வெள்ளை இனாமல் பூசியது என்று கொட்டகை நிறைய நிற்கும். திருவனந்தபுரத்தில் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுப்பவர்களும் ஓட்டல் கட்டுகிறவர்களும் வந்து வாங்கிப் போவார்கள்.

விலை போடுவதில் அவர் கில்லாடி. விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். உள்தொட்டி இரும்பா எவர்சில்வரா என்று காந்தம் ஒட்டிப் பார்ப்பார். பிறகு மெஷினைச் சாய்த்து அடியைப் பார்ப்பார். முட்டம் பக்கத்து மெஷின் என்றால் உப்புக்காற்று அடியைத் தின்றிருக்கும். பேச்சிப்பாறை பக்கம் என்றால் உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருக்கும். சவுதியிலிருந்து வந்தது நூற்றுப்பத்து வோல்ட் என்று தெரியாமல் நம் ஊர் இருநூற்றிருபதில் நேராகச் சொருகி மோட்டாரைக் கரித்த வீடுகளும் உண்டு. "சவம், இத எடுத்துட்டுப் போறதுக்கு நீங்கதான் எனக்குப் பைசா தரணும்" என்பார் விற்கிறவரிடம். அதே மெஷினைத் துடைத்து நிறுத்தியதும் பேச்சு மாறிவிடும். ஆனால் அவர் ஏங்கியதெல்லாம் ஒரே ஒரு வகைக்கு. வாங்கி வைத்த நாளிலிருந்து ஒரு நாளும் துணி போடாத மெஷின். அதற்கு மட்டும் கேட்ட விலை கிடைக்கும் என்பார்.

அப்படி எந்த மடையன் வைத்திருப்பான் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் இருந்தது.

குவைத்தில் இருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், அம்மாவின் கல்யாணத்துக்கு அனுப்பிய மெஷின் அது. கண்ணாடிக் கதவு போட்டது. அம்மா அதில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை, அப்பா விடவில்லை. நல்ல சாமான், கெட்டுப்போகும் என்று முதலில் சொன்னாராம். நான் பிறந்ததும் காரணம் இன்னும் கெட்டியாகிவிட்டது. பெண்பிள்ளை, நாளைக்குச் சீர் கொடுக்க ஆகும். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு வாஷிங் மெஷின் சேர்த்து வைத்த மனிதர் என் அப்பா. குமிழில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரியாமல், பூப்போட்ட துணி விரித்து, மேலே டெலிபோனைச் சுமந்துகொண்டு அது முன்னறையில் நின்றது. வருகிறவர்களிடம் அப்பா "இது பிள்ளைக்கு உள்ளது" என்று காட்டுவார். நானும் எனக்கு ஒரு மெஷின் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். அம்மா கிணற்றடியில் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போக இருந்த கோடை விடுமுறையில் அம்மாவின் கைகள் வெடித்தன. விரலிடுக்குகளில் தோல் கழன்று சிவப்பாகத் தெரிந்தது. சோறு பிசையும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். நெய்யூரில் டாக்டர் களிம்பு எழுதித் தந்து, மூன்று மாதம் சோப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார். அன்று சாயங்காலமே அம்மா கேட்டாள்.

"அந்த மெஷின எடுத்து ஓட்டுவோமா?"

"ஓட்டுனா பழசாயிரும்லா," என்றார் அப்பா. "பாப்போம்."

அம்மா விடவில்லை. காலையும் மாலையும் கேட்டாள். நான்காம் நாள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை வரச் சொல்கிறேன் என்று முனகினார். அம்மா குழாயடியிலிருந்து முன்னறை வரைக்கும் கயிறு பிடித்து அளந்தாள். எவ்வளவு நீளத்துக்கு ஓஸ் வேண்டும் என்று காலண்டர் தாளில் எழுதி வைத்தாள். அந்த இரண்டு நாள் அவள் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தது எனக்கு நினைவிருக்கிறது.

சித்தப்பாவுக்கு யார் சொன்னார்களோ, சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றார். ஒருமுறை தண்ணீர் விட்டுவிட்டால் அது அவருக்குப் பத்தோடு பதினொன்று. அப்பாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"பிள்ளைக்கு உள்ளதுன்னு சொல்லிட்டேன். அத நான் எப்பிடிடே விக்கது?" என்றார் அப்பா.

சித்தப்பா உடனே என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மக்களே, இது ஆருக்க மெஷினு?"

"எனக்க மெஷினு."

"அப்பம் வெலய நீ சொல்லு. உடமக்காரி நீயில்லா."

அதுவரை என்னிடம் யாரும் எதற்கும் விலை கேட்டதில்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சைக்கிளு. செவப்பு. முன்னால கூடை வச்சது."

"கேட்டீங்களா அண்ணே? உடமக்காரி வெல சொல்லியாச்சு."

அப்பா சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. எலெக்ட்ரீஷியன் செலவு மிச்சம், அம்மாவிடம் 'இல்லை' என்று சொல்லவும் வேண்டாம். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் களிம்பு இருந்ததால் எதையும் தொடாமல் விரல்களை விரித்துப் பிடித்திருந்தாள்.

"அது எங்க அண்ணன் எனக்கு அனுப்புனது," என்றாள். "அதுக்கு வெல சொல்ல இவ ஆரு?"

"பிள்ள ஆசப்பட்டுட்டாளே, நான் என்ன செய்யட்டு?" என்றார் அப்பா.

"மைனி, பிள்ளைக்க சந்தோசத்த விட அம்மைக்கு வேற என்ன வேணும்?" என்றார் சித்தப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். "மக்களே, ஒனக்கு மெஷினுதான் வேணும்னு சொல்லு."

"எனக்கு சைக்கிளு போதும்," என்றேன்.

அம்மா உள்ளே போய்விட்டாள். டெலிபோனைத் தரையில் இறக்கி வைத்து, அதிலேயே சித்தப்பா ஓட்டல்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். "ஒரு சொட்டுத் தண்ணி படாதது சார். தாளுகூட உரிக்கல்ல. இந்த ஜில்லாவுல இப்பிடி ஒண்ணு வேற கெடையாது." நான் பெருமையில் பூரித்து நின்றேன். என் மெஷினாயிற்றே.

இப்போது கணக்குப் பார்க்கிறேன். பன்னிரண்டு வருடம் அது புதிதாகவே இருந்ததற்கு ஓட்டல்காரன் அள்ளிக் கொடுத்தான். அதைப் புதிதாக வைத்திருந்தது அம்மாவின் கைகள். அந்தக் கைகளைத் தட்டிப் பார்க்கவும் காது கொடுத்துக் கேட்கவும் அந்த வீட்டில் ஓர் ஆளில்லை. சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை, அவர் வியாபாரி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பின்னாளில் என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர் அப்பா. அன்று நான் அவரிடம் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் அவரிடம் கத்தியதில் பாதி, பதினொரு வயதில் விலை சொன்ன எனக்குச் சேர வேண்டியது.

சைக்கிள் வந்தது. கேட்ட மாதிரியே சிவப்பு, முன்னால் கூடை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நல்ல மழை. எல்லோரும் பார்க்க வேண்டும் என்று குளக்கரை வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது என் புது யூனிஃபார்ம், வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும், கழுத்துவரை செஞ்சேறு. அம்மா கிணற்றடியில் இரண்டு கையிலும் பால் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, அப்பாவின் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். கவருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. நான் சட்டையையும் பாவாடையையும் கழற்றி அவளுடைய வாளியில் போட்டேன். நாளைக்குக் காலையில் உடுக்க வேண்டும், கறை இருக்கக் கூடாது என்று சொன்னேன். பிறகு சைக்கிளைத் துடைக்க ஒரு நல்ல துணி கேட்டேன். அம்மா எழுந்து போய் எடுத்துத் தந்தாள்.