மீசை ஒட்டிய குரல்

புதூர்நாட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கட்டைக் குரல். போனில் பேசினால் பாதிப் பேர் "அண்ணே" என்பார்கள், நேரில் வந்து புடவையில் நிற்கும் என்னைப் பார்த்ததும், "அண்ணன் இல்லீங்களா?" என்பார்கள். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். சுத்தப் பொய். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

போன தையில் எங்கள் ஊர் மண்டபக்காரர் ஒரு ரோபோ கேட்டார். கல்யாண வாசலில் நின்று பன்னீர் தெளித்து, "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்றால் போதுமாம். பன்னீர் தெளிப்பது பெண்கள் வேலை. அதனால் பட்டுப்புடவை, சவுரி, மல்லிகைப்பூ எல்லாம் அவரே வாங்கி வந்தார். கைகளை அசைக்கப் பழைய ஜீப்பின் வைப்பர் மோட்டாரைப் போட்டேன். குரலை நானே பேசிப் பதிந்தேன். புடவை கட்டிய உருவம் பேசினால், ஒரு நாளாவது அதைப் பெண்குரல் என்று நாலு பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்களா என்று நப்பாசை.

மண்டபக்காரர் முகம் சுளித்தார். "இன்னாம்மா இது, ஆம்பள கொரலாட்டம் இருக்குது? போன்ல ஒரு பொண்ணு கொஞ்சிக் கொஞ்சிப் பேசுமே, அத்த வெச்சிடு."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! குரலை மாற்ற மாட்டேன் என்றேன். அப்படியானால் ஆளை மாற்று என்றார். மானஸ்தி நான் என்ன செய்தேன்? புடவையை உருவிவிட்டு வேட்டி கட்டினேன். என் கையாலேயே பசை தடவி முறுக்கு மீசை ஒட்டினேன். குரலைக் காப்பாற்றுகிறேனாம்! ஆம்பளை பன்னீர் தெளிப்பானா என்று அவர் பன்னீர்ச் செம்பையும் பிடுங்கிக்கொண்டார், கும்பிட்டால் போதுமாம்.

கல்யாணத்தன்று ஜீப்பில் வந்து இறங்கிய பெரிய மனிதர்கள் எல்லாம் அதற்குப் பதில் கும்பிடு போட்டார்கள். ஒருவர் பந்தி எந்தப் பக்கம் என்று மரியாதையாக விசாரித்தார். கணீர்க் குரல் என்று பாராட்டு வேறு. அதே குரலில் நான் பேசினால் வாயைப் பொத்திச் சிரிப்பவர்கள்தான். வெட்கங்கெட்ட எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது என் மகள் வந்தாள், ஒன்றாம் வகுப்பு படிப்பவள். தூணுக்குப் பின்னால் நின்ற என்னை அவள் பார்க்கவில்லை. ரோபோ "வாங்க" என்றதும், நான்தான் வேஷம் போட்டு நிற்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, உனுக்கு எதுக்கு மீச?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மீசையைப் பிடித்து இழுத்தேன். மேலுதடும் கூடவே வந்துவிட்டது. கல்யாணம் முடிகிறவரை அது உதடில்லாமலேதான் எல்லாரையும் அழைத்தது. மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எங்கம்மா பேசுது."