வராத பிள்ளை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அதனால் அந்த ஜனவரியில் என்னைத் தலவாக்கலையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வட்டகொடையில் கரி ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்.

முதல் நாள் டீச்சர் இடாப்பைத் திறந்து பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து "வரவு" என்றது. என் முறை வந்தபோது எழுந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. டீச்சர் தலை நிமிராமலே 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முழுவதும் எனக்கு ஒரே யோசனை: நான் வரவில்லையென்றால் இங்கே உட்கார்ந்திருப்பது யார்? வராத பிள்ளை கணக்குச் செய்யலாமா? செய்யாமல் இருப்பதே நியாயம் என்று பட்டது.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று லயத்து வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு அஞ்சு வரைக்கும் படிச்சது போதும். பயந்தா நின்னுக்கிறட்டும்," என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தார். கொழுந்தெடுப்பவர், பேச்சுக் குறைவு. "திங்கக்கெழம வரைக்கும் பொறுங்கண்ணே," என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவாரி ரயிலேற்றினார்.

பள்ளிக்கூடத்தில் ஆளில்லை. எங்கள் வகுப்பு நடந்த மண்டபத்துக்குப் பாதிச் சுவர்தான், கதவு கிடையாது. அத்தை என்னை வழி கேட்காமலே அதற்குள் போனார்.

"அந்தக் கடேசி வாங்குல ஒக்காராத புள்ள, சாரல் அடிக்கும். இதுல ஒக்காரு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"பாத்தா தெரியாதா?" என்றார். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு முன்னால் நின்று என் பெயரைக் கூப்பிட்டார். முனகினேன். "எனக்குக் கேக்கலயே," என்று வாசற்படிக்குப் போய்க் கூப்பிட்டார், அப்புறம் முற்றத்திலிருந்து, கடைசியில் வெளிக் கேட்டுக்குப் பக்கத்திலிருந்து. நான் வாங்கின்மேல் ஏறி நின்று "வரவு!" என்று கத்தினேன். கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. அத்தை வாய்விட்டுச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"இப்ப நான் டீச்சர்," என்று அவரை உட்காரவைத்து, அவர் பெயரைக் கூப்பிட்டேன். சட்டென்று எழுந்து, கைகட்டி, "வரவு, டீச்சர்," என்றார். எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அத்தை, வெளையாட்டு முடிஞ்சிருச்சு," என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை நான் போட்ட சத்தத்தில் டீச்சர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்மா," என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்குக் கணக்கும் செய்தேன்.

அதிலிருந்து தினமும் மாலையில், கொழுந்து மலையிலிருந்து வந்ததும் வராததுமாக, அத்தை கேட்பார்: "இன்னைக்கு என்னா சொல்லிக்குடுத்தாங்க?"

அத்தை அதே பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தவணை, மூன்று மாதம்தான் படித்தவர் என்பதும், தாத்தா நோயில் விழுந்ததும் அவரை நிறுத்திக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள் என்பதும் பல வருடம் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் நினைத்ததெல்லாம், ஒழுங்காகப் படிக்கிறேனா என்று அவர் என்னைக் கண்காணிக்கிறார் என்பதுதான். விளையாடப் போகும் அவசரத்தில் பாடத்தில் பாதியை விட்டுவிட்டு, நாலு வரியில் ஒப்பித்து ஓடிவிடுவேன்.