அக்கா பக்கம் நின்றவர்

குமுளிக் கடையொன்றில் ஏலக்காய் மூட்டையைப் பிரித்ததும், எப்போதோ இடித்துவிட்டு அந்த இடத்தில் தேயிலை நட்டுவிட்ட எங்கள் எஸ்டேட் ஜெபவீட்டின் வாசனை வந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகையில், ஈரக் கம்பளிகள் மணக்க, மழைச் சத்தத்தை மீறி நாங்கள் பாடும்போது, ஞாயிறு தவறாமல் அக்கா எஸ்தரின் கன்னங்களில் கண்ணீர் வழியும், முகம் பிரகாசமாகும். பக்கத்திலேயே நின்று தொண்டை வலிக்கப் பாடும் எனக்கு ஒன்றுமே தோன்றாது. பொறாமையில் வெந்தேன். ஒருநாள் வீடு திரும்பும் வழியில் கேட்டே விட்டேன்.

“ஆண்டவரு ஒனக்கு மட்டும் ஏங்க்கா வாராரு?”

“நீ பாடுறதக் கேக்கும்போதுதாண்டி, அவரு எம்பக்கத்துல வந்து நிக்க மாதிரி இருக்கு,” என்றாள் அக்கா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பாட்டுக்கு வந்தவர், ஏன் அவள் பக்கம் போய் நிற்க வேண்டும்?