அடி விழுந்தும் இறுகாத வாய்

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், தோழிக்குச் செய்தி அனுப்பக் கைபேசியை அப்போதுதான் கையில் எடுத்திருந்தேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவுக் குப்பத்தின் கரையில் நின்றிருந்தேன். பொங்கல் விடுமுறையின் கடைசி நாள் அது.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. சென்னையில் முதுகலை இலக்கியம் படிக்கும் நான், மாலை நேரத்தில் ஒரு வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்தேன். அந்தக் குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, தங்கள் பூடில் நாயை யாரிடம் விடுவது என்று தவித்தது. எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாத நான், அன்று முந்திக்கொண்டு கேட்டுவிட்டேன். என் தொடை உயரம்; கறுப்பு; சுருள் சுருளான முடி. உடம்பை ஒட்ட வெட்டி, மார்பிலும் கால் மூட்டுகளிலும் மட்டும் பந்து பந்தாக முடி விட்டிருந்தார்கள். வசதியுள்ள வீட்டின் அலங்காரம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

குப்பத்தில் ஒரே சிரிப்பு. "இன்னா பாப்பா, ஆட்டுக்குட்டிய நாய்னு சொல்லி உன் தலையில கட்டிட்டாங்களா?" என்றார் என் அண்ணன். பக்கத்து வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார்: "குளுருக்குக் கால்ல மட்டும் சொட்டர் போட்டுனு கீதுடி!"

தண்ணீரைக் கண்டால் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போகப் பார்க்கும். ஏரியில் மூழ்கிவிடுமோ என்று பயந்து கட்டியே வைத்திருந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பனிக்காலத்தில் எங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை யாரும் தொடக் கூடாது. மார்கழியில் ஒரு தெருநாய் இரண்டு வாத்துகளைக் கடித்துக் கொன்றதால், வனத்துறையினர் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பறவையைக் கவ்வும் நாய் எந்த வீட்டு நாயாக இருந்தாலும், அன்றைக்கே படகில் ஏற்றி அக்கரையில் விட்டுவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

அன்று காலை, படகில் அமர்ந்து வலையிலிருந்து இறாலைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணன்தான் முதலில் பார்த்தார்.

"பாப்பா! உன் நாய் இன்னாத்தையோ கவ்வினு வருது பாரு!"

திரும்பினேன். கட்டியிருந்த கயிறு முளையில் வெறுமனே தொங்கியது. மூடுபனிக்குள்ளிருந்து, தண்ணீருக்கு மேல் தலையை நிமிர்த்தியபடி அது நீந்தி வந்தது. வாயில் ஓர் ஊசிவால் வாத்து. ஒரு சிறகு தொங்கித் தண்ணீரில் இழுபட்டது.

எங்கள் குப்பத்தில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. வலையிலிருந்து மீனைக் கவ்வும் நாயை, மீன் வாயில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். கீழே போட்ட பிறகு அடித்தால், எதற்காக அடி என்று அதற்குத் தெரியாது. இரண்டு முறை அப்படி அடிபட்ட நாய் பிறகு வலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. சிறு வயதிலிருந்து பார்த்த வழக்கம்; யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கரையில் கிடந்த வலைக்கயிற்றை எடுத்து இரண்டாக மடித்தேன்.

நாய் கரையேறி நேராக என்னிடம் வந்தது. என் முன்னால் அமர்ந்து முகத்தை உயர்த்தியது. முதுகில் அடித்தேன். ஓடவில்லை. மறுபடி அடித்தேன். உடம்பு நடுங்கியது, ஆனால் வாயை இறுக்கவும் இல்லை, வாத்தைக் கீழே போடவும் இல்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு, இன்னும் சற்று முன்னால் நகர்ந்து, முகத்தை என் கைக்கு எட்டும்படி நீட்டியது. என்னை அறியாமல் கையை ஏந்தினேன். வாய் திறந்தது. வாத்து என் உள்ளங்கைகளில் இறங்கியது. அதன் நெஞ்சு வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். "பறவைய கடிச்சிடுச்சா? அப்ப இன்னிக்கே ஏத்தி அனுப்ப வேண்டியதுதான். ஊரு பேசினது உன் நாய்க்கு இன்னா தனியா?"

"உயிரு கீதுக்கா," என்றார் அண்ணன். "மொதல்ல பாரு. அப்பறம் பேசு."

அக்கா என் கையிலிருந்து வாத்தை வாங்கி, இறகுகளை ஒவ்வொரு வரிசையாக விலக்கிப் பார்த்தார். கழுத்து, முதுகு, வயிறு. ஒரு பல் தடம் இல்லை. ஒரு துளி ரத்தம் இல்லை. காலிலும் சிறகின் அடியிலும்தான் சிக்கல் இருந்தது: அறுந்துபோன வலையின் தங்கூசி எனும் நைலான் நூல், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, தோலுக்குள் இறங்கியிருந்தது. எங்கோ மாட்டித் தவித்ததைத்தான் நாய் கொண்டுவந்திருந்தது. வலை அறுக்கும் கத்தியால் அக்கா நூலைப் பொறுமையாக வெட்டி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாய் பல்லு எங்கியும் படலடி. உன் கயிறுதான் அதும்மேல பட்டுக்கீது."

அதற்குப் பிறகு அனுப்புவதைப் பற்றி அவர் பேசவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டார். அண்ணன் தகவல் சொல்ல, வனக்காவலர் வந்து பார்த்தார். இரவு கூடையில் மூடிவைத்து, தேறினால் காலையில் விட்டுவிடுங்கள் என்றார்.

அன்று மாலை பூடில் நாய்களைப் பற்றி முதன்முறையாகத் தேடிப் படித்தேன். பிரான்சு நாட்டு நாய் என்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் வேர் ஜெர்மனியில் என்கிறார்கள் பலர். வேட்டைக்காரர் சுட்ட வாத்து தண்ணீரில் விழுந்தால், நீந்திச் சென்று அதைச் சேதமில்லாமல் கவ்வி, எசமானின் கையில் ஒப்படைப்பதே அதன் வேலையாக இருந்ததாம். நீந்த இலகுவாக உடம்பு முடியை வெட்டினார்கள். குளிர் தாக்காமலிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் விட்டுவைத்தார்கள். அக்கா கேலியாகச் சொன்னதே உண்மை. அலங்காரம் என்று நான் நினைத்தது, உழைப்புக்கான உடை. சொல்லுக்குச் சொல் வேரும் வரலாறும் தேடிப் படிக்கும் நான், மூன்று வாரம் என் வீட்டில் நின்ற ஓர் உயிரைப் பற்றி ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை.

இரவு சோறு வைத்தேன். நான் நகர்ந்த பிறகுதான் தின்றது.

மறுநாள் காலை, கல்லூரிக்குக் கிளம்பும் முன், கூடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் ஆழம்வரை நடந்தேன். நாயைக் கட்டவில்லை. மூடியைத் திறந்ததும் வாத்து சற்று நேரம் மிதந்து, பிறகு தாழப் பறந்து கூட்டத்தை நோக்கிப் போனது. நாய் கரையில் நின்று பார்த்தது, துரத்தவில்லை. நான் கரையேறி, வலை மிதவை ஒன்றைத் தண்ணீரில் எறிந்தேன். அது மிதவையைப் பார்த்தது. என் கையைப் பார்த்தது. வெகுநேரம் கழித்து இறங்கி நீந்திப் போய்க் கவ்விவந்தது. ஆனால் என் கையில் கொடுக்கவில்லை. ஒரு முழம் தள்ளி மணலில் வைத்துவிட்டு, பின்வாங்கி நின்றது. நான் அதை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு முழத்தைக் கடந்து வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை, அடித்த எனக்கில்லை, அதற்குத்தான் உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.